மாத்திரை எதற்கு? வீடியோ கேம் அடிமைத்தனமும் மருந்துச் சீட்டும்

2009-ஆம் ஆண்டு தென் கொரிய மனநல மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்றவர்கள் 62 பிள்ளைகள். எல்லோருக்கும் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு இருந்தது. எல்லோரும் இணையத்தில் வீடியோ கேம் ஆடுகிறவர்கள். அந்தக் குறைபாட்டுக்கு அதுவரை யாரும் மருந்து சாப்பிட்டதில்லை. எட்டு வாரம் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரம் முடிந்தபோது பிள்ளைகள் இணையத்தில் கழித்த நேரம் குறைந்திருந்தது. இணைய அடிமைத்தனத்தை அளக்கும் வினாத்தாளிலும் மதிப்பெண் இறங்கியிருந்தது.

இவ்வளவை மட்டும் கேட்டால், "கேம் பழக்கத்துக்கு மாத்திரை வந்துவிட்டது" என்றுதான் தோன்றும். இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஒளிரும் திரையைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோன ஒரு தாய்க்கு அப்படித் தோன்றுவதில் தவறே இல்லை.

ஆனால் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியவை இன்னும் உள்ளன. பிள்ளைகளின் கவனம் எந்த அளவுக்குத் தேறியதோ, அந்த அளவுக்கு இணைய மதிப்பெண்ணும் இறங்கியது. இரண்டும் ஒன்றாகவே நகர்ந்தன. அதை வைத்து ஆய்வாளர்கள் மிகுந்த தயக்கத்தோடு ஒரு கருத்தைச் சொன்னார்கள்: ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு வீடியோ கேம் என்பது தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் மருந்தாக இருக்கலாம். வகுப்பில் பத்து நிமிடம் உட்கார முடியாத பையன் கேமில் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறான். நொடிக்கு நொடி புதிது, தொட்டதும் பலன், தோற்றாலும் உடனே அடுத்த ஆட்டம். அவனுடைய மூளை தேடுவதை அது தருகிறது. குறைபாட்டுக்கு முறையான மருந்து கிடைத்ததும், அந்தக் கைவைத்தியத்தின் தேவை குறைந்தது. அப்படியானால் அந்த மாத்திரை எதைக் குணப்படுத்தியது? விளையாட்டையா, விளையாட்டுக்கு அடியில் இருந்ததையா?

மருந்து தகுந்த சிகிச்சையா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்த ஆய்வில் மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவரிடம் போய் வருவதும், வீட்டில் எல்லோருடைய பார்வையும் பிள்ளை மேல் திரும்புவதும்கூட எட்டு வாரத்தில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவரும்.

நோய் எது, ஆசை எது

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில் வீடியோ கேம் கோளாறு இடம்பெற்றது. 2019 மே மாதம் உலக சுகாதார மாநாடு அதை ஏற்றது; 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டுள்ளன. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் ஒருவர் கையில் இல்லாமல் போவது. சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் முன்னிற்பது. கெடுதல் கண்ணெதிரே தெரிந்த பிறகும் தொடர்வது. இவற்றால் வாழ்க்கை கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

நாளுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு இதில் எங்குமே இல்லை. கோடை விடுமுறையில் நாளெல்லாம் ஆடிவிட்டு, பள்ளி திறந்ததும் முனகிக்கொண்டே புத்தகத்தை எடுக்கிற பிள்ளைக்கு நோய் இல்லை. அவனுக்குத் தேவை வீட்டில் ஓர் ஒழுங்கு, வெளியே ஆட ஓர் இடம், கூட ஆட நாலு பேர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் இந்தக் கோளாறை மேலும் ஆராய வேண்டியவற்றின் வரிசையில்தான் வைத்தது. 2022-இல் திருத்திய பதிப்பிலும் அங்கேயேதான் இருக்கிறது. உலக அளவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஒரு கணக்கு, இந்தக் கோளாறு உள்ளவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் என்றது. ஆட்களைச் சரியான முறையில் தேர்ந்தெடுத்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அது இரண்டாகச் சுருங்கியது. அளவுகோல் இன்னும் உறுதிப்படாத ஒரு நோய்க்கு மருந்தை அளந்து கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

குடிக்கு இருக்கிறது, கேமுக்கு ஏன் இல்லை

"குடியை நிறுத்த மருந்து இருக்கிறதே, சிகரெட்டுக்கு இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல, போதைக்கான மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சில மருந்துகள் போதைப்பொருளுக்குப் பதிலாக நிற்கின்றன. சிகரெட்டுக்கு நிகோடின் பட்டை, ஹெராயினுக்கு மெத்தடோன். உடல் கேட்கிற அதே வகைப் பொருளை ஆபத்துக் குறைவான வழியில் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். சில மருந்துகள் வழியை அடைக்கின்றன. நால்ட்ரெக்ஸோன் மூளையில் ஓபியம் வகைப் பொருள்கள் போய் உட்காரும் இடங்களில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். குடித்தாலும் பழைய சுகம் வராது. இன்னொன்று அச்சுறுத்துகிறது: டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் மது உடலில் முழுதாகச் சிதையாமல் பாதியிலேயே தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். இதயம் பலவீனமானவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களில் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்து, எதையோ வாங்கி ரசத்தில் கலந்து கொடுக்கும் வீடுகளுக்காக இதை அழுத்தியே சொல்கிறேன். அது கொலையில் முடியக்கூடிய வேலை. கடைசியாக, நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வரும் வலிப்பையும் பிதற்றலையும் தடுக்கச் சில நாள் மட்டும் கொடுக்கும் மருந்துகள் உண்டு.

இந்த நான்கு வழிகளுக்கும் பொதுவான ஒன்று, உடலுக்குள் போகும் ஒரு பொருள். அதற்குப் பதிலாக நிற்கலாம், அதன் வழியை அடைக்கலாம், அதைக் கசக்க வைக்கலாம். வீடியோ கேமில் உள்ளே போகும் பொருள் என்று எதுவும் இல்லை. போவது ஒளியும் ஒலியும் நண்பர்களின் குரலும், அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்ற தவிப்பும்தான். இவற்றுக்குத் தனியான பூட்டு எதுவும் மூளையில் இல்லை. அதனால் தனியான சாவியும் இல்லை. வீடியோ கேம் அடிமைத்தனத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுவரை ஒரு மருந்தையும் அங்கீகரிக்கவில்லை. மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதெல்லாம் வேறு நோய்களுக்காக வந்த மருந்துகளே.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழ்நாட்டில் "ஆன்லைன் விளையாட்டு" என்றாலே ரம்மியில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் நினைவுதான் வருகிறது. 2022-இல் மாநில அரசு கொண்டுவந்த சட்டமும் அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததே. ஆனால் பணம் கட்டி ஆடுவது சூதாட்டத்தின் பக்கம் சேர்வது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அதற்குத் தனி இடம் உண்டு. சூதாட்ட நோய்க்கு நால்ட்ரெக்ஸோன் வகை மருந்துகளை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து ஓரளவு பலன் கண்டிருக்கிறார்கள். அந்தப் பலனைத் துப்பாக்கி விளையாட்டில் கிடக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படியே நீட்ட முடியாது.

டோபமின் என்ற ஒற்றைச் சொல்

இந்தப் பேச்சில் டோபமின் என்ற மூளை ரசாயனத்தின் பெயர் வராத நாளில்லை. 1998-இல் லண்டனில் எட்டு ஆண்களை ஒரு பீரங்கி வண்டி விளையாட்டை ஆட வைத்து, மூளையைப் படம் பிடித்தார்கள். ஆடும்போது மூளையின் உட்பகுதியில் டோபமின் சுரப்பது தெரிந்தது. 'நேச்சர்' இதழில் வெளியான அந்த ஆய்வு முக்கியமானது. ஆனால் அதிலிருந்து "கேமும் போதைப்பொருளும் ஒன்று, டோபமினைக் குறைத்தால் பழக்கம் போய்விடும்" என்று தாவுகிறார்களே, அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

பசியில் சோற்றைக் கண்டாலும் டோபமின் சுரக்கும். அது வெறும் இன்பத்தின் ரசாயனம் அல்ல. எதை நாட வேண்டும், எதைக் கற்க வேண்டும் என்று மூளைக்குக் குறித்துக் கொடுப்பது. இன்னொன்றையும் பாருங்கள்: கொரியப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மெத்தில்பெனிடேட் மூளையில் டோபமின் செயல்பாட்டைக் கூட்டுகிற மருந்து. இந்தத் துறையில் அதிகம் சோதிக்கப்பட்ட புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்தும் அதே பக்கம்தான். டோபமின் கூடுவதே வியாதி என்றால், அதைக் கூட்டும் மருந்து ஏன் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும்?

டோபமினை நேராகத் தூண்டும் மருந்துகள் செய்யும் வேலையும் நமக்குத் தெரியும். பார்க்கின்சன் நோய்க்காகப் பிரமிபெக்ஸோல் போன்ற மருந்துகளைச் சாப்பிட்டவர்களில் சிலர், வாழ்நாளில் சீட்டைத் தொட்டறியாதவர்கள்கூட, திடீரென்று சூதாட்டத்தில் சொத்தை இழந்தார்கள். மருந்தைக் குறைத்ததும் ஆசை அடங்கியது. மனநோய்களுக்கும் சில பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கும் கொடுக்கப்படும் அரிபிபிரசோல் என்ற மருந்து, சூதாடவும் அளவின்றிச் சாப்பிடவும் பொருள் வாங்கவும் அடக்க முடியாத உந்துதலைச் சிலரிடம் கிளப்பலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. போனைப் பிடுங்கினால் பொருளை உடைக்கிறான், அடிக்க வருகிறான் என்று சொல்லும்போது, அடக்குவதற்காக இத்தகைய மருந்தைக் கேட்கும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

சோதனைகள் உண்மையில் சொல்வது

மெத்தில்பெனிடேட் ஆய்வுக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை கொரியாவிலிருந்தே வந்தன. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டில் மூழ்கியிருந்த 11 பேருக்கு ஆறு வாரம் புப்ரோபியான் கொடுத்தார்கள். விளையாட்டின் காட்சியைக் கண்டதும் எழும் ஆவல் குறைந்தது, ஆடும் நேரம் குறைந்தது, மூளைப் படத்திலும் மாற்றம் தெரிந்தது. பதினொரு பேர் என்பது ஒரு தெருவின் கிரிக்கெட் அணி. அதை வைத்து ஒரு நாட்டுக்குச் சிகிச்சை எழுத முடியாது.

2012-இல் வந்த ஆய்வு இன்னும் கவனமாகச் செய்யப்பட்டது. மனச்சோர்வும் அளவுமீறிய இணைய விளையாட்டும் சேர்ந்திருந்த 50 ஆண்களில் பாதிப் பேருக்குப் புப்ரோபியான், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. இரு தரப்பாருக்கும் இணையப் பயன்பாடு பற்றிய கல்வியும் சேர்த்தே கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் மருந்து சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வும் விளையாட்டும் நன்றாகவே குறைந்தன. மருந்தை நிறுத்தி நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டு குறைந்த நிலையிலேயே இருந்தது; மனச்சோர்வோ திரும்பி வந்திருந்தது. எனக்கு இந்த முடிவு ஆறுதலையும் கவலையையும் ஒருசேரத் தருகிறது. விளையாட்டை விட்டுவிட்டான் என்று வீடு நிம்மதியாக மூச்சுவிடும் நேரத்தில், அவன் உள்ளுக்குள் மறுபடியும் மூழ்கிக்கொண்டிருக்கலாம். விளையாடும் மணிக்கணக்கை மட்டும் அளந்தால் அது கண்ணில் படாது.

இவற்றுக்கெல்லாம் முந்தைய இன்னோர் ஆய்வு 2008-இல் வெளியானது. அளவுமீறி இணையத்தில் கிடந்த 19 பேருக்குப் பத்து வாரம் எஸ்சிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம். பிறகு யாருக்கு எது என்று தெரியாதபடி சிலருக்கு அதே மருந்தையும் சிலருக்கு வெற்று மாத்திரையையும் ஒன்பது வாரம் கொடுத்தார்கள். இரு தரப்பாரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். முதல் பத்து வாரத்தில் கண்ட முன்னேற்றம் மருந்தால் வந்ததா, ஒருவர் அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

பேச்சுவழிச் சிகிச்சைக்கு இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 143 ஆண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான சோதனையில், வாரம் ஒருமுறை வீதம் 15 குழு அமர்வுகளும் சில தனி அமர்வுகளும் நடந்தன. சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 69 பேர் அடிமை நிலையிலிருந்து வெளியே வந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் நூற்றுக்கு 24 பேர். அதிலும் குறை உண்டு: பெண்கள் இல்லை, காத்திருப்பவரோடு ஒப்பிடுவது எளிய போட்டி. ஆனாலும் முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் 2014 முதல் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. வெகுதூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எப்போது மாத்திரை சரி

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதுவும் இதே அளவு தவறு. மாதக்கணக்கில் மனச்சோர்வில் இருக்கும் ஒருவர் எழுந்து பல் துலக்குவதற்கே வலுவில்லாமல் கிடக்கிறார். அவரால் செய்ய முடிகிற ஒரே செயல் விளையாடுவது. அவரிடம் போனைப் பிடுங்கிவிட்டு மனச்சோர்வுக்கு மருந்து கொடுக்காமல் இருப்பது கொடுமை. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையை "அடம்" என்று அடித்துத் திருத்தப் பார்ப்பதும் அப்படியே. கூட்டத்தைக் கண்டால் நடுங்கும் பெண்ணுக்குத் திரைக்குள் மட்டுமே தோழிகள் இருக்கலாம். இங்கெல்லாம் மருந்துக்கு உரிய இடம் உண்டு. ஆனால் மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய நோயின் பெயர் வேறு. மருந்து பலிக்கிறதா என்று பார்க்க வேண்டிய அளவுகோலும் வேறு: தூக்கம், பசி, பள்ளிக்குப் போவது, வீட்டில் வாய் திறந்து பேசுவது.

விலை இல்லாத மருந்தும் கிடையாது. மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். வளரும் பிள்ளையின் உயரத்தையும் எடையையும் அளந்துகொண்டே வர வேண்டும். புப்ரோபியான் சிலருக்கு வலிப்பை வரவழைக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே மனச்சோர்வுக்காகக்கூட அமெரிக்காவில் அது அங்கீகரிக்கப்படவில்லை. மனச்சோர்வு மருந்துகளின் விவரத்தாள்களில் அந்நாட்டில் கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள்: 24 வயது வரையுள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம், உடனிருந்து கவனிக்க வேண்டும். மருந்தைத் தவிர்ப்பதற்கு இது காரணமல்ல. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதற்கும், பக்கத்து வீட்டுப் பையனின் சீட்டைக் காட்டி வாங்குவதற்கும் இது தடை.

"ஏதாவது செய்தாக வேண்டும்" என்ற பெற்றோரின் தவிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சீனாவின் லின்யி நகரம் சாட்சி. அங்கே ஓர் அரசு மருத்துவமனையில், இணைய அடிமைகள் என்று கொண்டுவரப்பட்ட இளைஞர்களுக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள்; மருந்துகளும் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்கள் பெற்ற தாய் தந்தையரே. 2009 ஜூலையில் சீனச் சுகாதார அமைச்சகம் இணைய அடிமைத்தனத்துக்கு மின்சாரம் பாய்ச்சுவதை நிறுத்தச் சொன்னது. பிள்ளையின் சம்மதமும் பேச்சும் இல்லாமல் அவன்மேல் நடத்தப்படும் எந்தச் சிகிச்சையும், அது மாத்திரையே ஆனாலும், அந்தத் திசையில்தான் ஒரு காலை எடுத்து வைக்கிறது. சோற்றில் கலந்து கொடுத்தது ஒருநாள் தெரிந்தால், அதன் பிறகு அவன் அந்த வீட்டுச் சோற்றையும் நம்ப மாட்டான், மருத்துவரையும் நம்ப மாட்டான்.

ஆகவே மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்ற கணக்கோடு வேறு சிலவற்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆட்டம் கூடிய மாதம் எது, அதற்கு முந்தைய மாதத்தில் வீட்டிலும் பள்ளியிலும் என்ன நடந்தது, யார் இறந்தார்கள், எந்த நண்பன் பிரிந்தான், எந்தத் தேர்வில் தோற்றான், முன்பு விரும்பிச் செய்த எதை இப்போது தொடுவதில்லை, எத்தனை மணிக்குத் தூங்குகிறான். மருத்துவர் மாத்திரை எழுதினால், இது எந்த நோய்க்கு, எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவது என்று அங்கேயே கேளுங்கள். கேட்கும்போது பிள்ளையும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும்.